மினமாட்டா: ஊரின் பிழைப்பும் ஒரு மருத்துவரின் மௌனமும்

கழகத்தின் வெள்ளிவிழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று தருமாறு செயலாளர் அவர்கள் கேட்டபோது, நம் தலைவர்களுள் ஒருவரைப்பற்றி எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பார். அத்தகைய கட்டுரைகளை என்னைவிடத் தகுதியுடையோர் எழுதுவர். நான் எடுத்துக்கொண்டது ஜப்பான் நாட்டின் ஒரு சிறு நகரத்து வரலாறு. அதற்கு ஏன் அவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்று நம் இளைஞர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. விடையைக் கட்டுரையின் நடுவில் சொல்லுகிறேன்; அதுவரை பொறுத்தருள்க.

ஜப்பானின் தென்பகுதியில் கியூஷூ என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் மேற்குக் கரையில், குமமோட்டோ மாவட்டத்தில், ஷிரானுயி என்னும் உள்கடலை ஒட்டி அமைந்த ஊர் மினமாட்டா. ஒரு காலத்தில் உப்புக் காய்ச்சியும் மீன் பிடித்தும் சிறு நிலங்களை உழுதும் பிழைத்த கிராமம் அது. 1908ஆம் ஆண்டில் நோகுச்சி என்னும் தொழிலதிபர் அங்கே ஒரு கார்பைடு ஆலையை நிறுவினார். பின்னாளில் ‘சிஸ்ஸோ’ என்று பெயர் பெற்ற நிறுவனம் அதுவே. உரத்தில் தொடங்கி, பிறகு பலவகை இரசாயனப் பொருள்களைச் செய்து, அந்நிறுவனம் நாட்டின் முன்னணி ஆலைகளுள் ஒன்றாக உயர்ந்தது. கிராமம் நகரமாயிற்று.

உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆலையில் வேலை கிடைப்பது பெரும்பேறு. ‘கம்பெனிக்குப் போகிறவர்’ என்பது அவ்வூரில் ஒரு மரியாதைப் பெயர். மாதம் தவறாத சம்பளம், பெண் கொடுப்பதற்குத் தகுதி, கடையில் கடன் கொடுப்பதற்கு உறுதி ஆகிய யாவும் அப்பெயரில் அடங்கியிருந்தன. ஆலை வாயிலில் சங்கு ஊதும் நேரத்தை வைத்தே பொழுதைக் கணக்கிட்ட ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை. கரையோரக் குப்பங்களில் வாழ்ந்த மீனவர்களோ இந்த மரியாதை வட்டத்துக்கு வெளியே இருந்தனர். அவர்களுள் பலர் வேறு தீவுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். நகரத்தார் அவர்களைச் சற்றுத் தாழ்வாகவே கருதினர்.

1932ஆம் ஆண்டில் இவ்வாலை அசெட்டால்டிஹைடு என்னும் பொருளைச் செய்யத் தொடங்கிற்று. நான் வரலாறு படித்தவன். வேதியியலுக்கும் எனக்கும் தொடர்பு குறைவு. எங்கள் பள்ளி வேதியியல் ஆசிரியர் எனக்கு விளங்கச் சொன்ன அளவில் எழுதுகிறேன். இப்பொருளைச் செய்வதற்குப் பாதரச உப்பு வினையூக்கியாகப் பயன்பட்டது. அப்போது அதில் ஒரு பகுதி மெதில் பாதரசம் என்னும் கொடிய நஞ்சாக மாறிக் கழிவுநீரோடு வளைகுடாவில் கலந்தது. அதனைச் சிற்றுயிர்கள் உண்டன. சிற்றுயிர்களை மீன்கள் உண்டன. மீன்களை மனிதர் உண்டனர். ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிந்துகொண்டே சென்றது. கடல்நீரைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மீனைச் சுவைத்தாலும் ஒன்றும் தெரியாது.

முதலில் பூனைகளுக்குத்தான் தெரிந்தது. 1950களின் தொடக்கத்தில் குப்பத்துப் பூனைகள் தள்ளாடின. சுழன்று சுழன்று ஆடின. சில கடலில் விழுந்து மாண்டன. பறவைகள் பறக்கையிலேயே கீழே விழுந்தன. பின்பு மனிதர். கைகால் மரத்தல், பேச்சுக் குழறல், பார்வை குறுகல், நடுக்கம், வலிப்பு, மரணம். 1956 ஏப்ரலில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஆலைக்குச் சொந்தமான மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். ஒரு சில நாட்களில் அவளுடைய தங்கையும் அதே குறிகளோடு வந்தாள். அக்கம்பக்கத்திலும் நோயாளிகள் இருப்பது தெரிந்தது. அம்மருத்துவமனையின் தலைமை மருத்துவர், காரணம் விளங்காத நரம்பு மண்டல நோய் பரவுவதாக 1956 மே 1ஆம் நாள் பொதுச் சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். அந்நாளையே மினமாட்டா நோய் கண்டறியப்பட்ட நாளாக இன்றும் கொள்ளுகின்றனர். அம்மருத்துவர் பெயர் ஹோசோகாவா ஹாஜிமே. 1901இல் பிறந்தவர், டோக்கியோ பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றவர். இக்கட்டுரையின் நாயகர் அவரே. நாயகர் என்ற சொல் பொருந்துமா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

அவ்வாண்டு அக்டோபருக்குள் 40 நோயாளிகள் கண்டறியப்பட்டனர். அவர்களுள் 14 பேர் இறந்துவிட்டனர். முதலில் இது தொற்றுநோய் என்று கருதப்பட்டது. நோயாளிகள் தனிமை விடுதியில் அடைக்கப்பட்டனர். அவர்தம் வீடுகளில் கிருமிநாசினி தெளிக்கப்பட்டது. அவ்வளவே, ஊர் ஒதுங்கிக்கொண்டது. அவ்வீட்டுப் பிள்ளைகளோடு பிற பிள்ளைகள் விளையாடவில்லை. கடைக்காரர்கள் அவர்கள் நீட்டிய காசைக் கையால் தொட்டு வாங்கத் தயங்கினார்கள். இதைப் படித்தபோது நான் புத்தகத்தைச் சற்று நேரம் மூடி வைத்தேன். காசைக் கையில் வாங்காத கடைகளைப்பற்றி என் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதற்கு ஜப்பான் வரை செல்ல வேண்டுவதில்லை.

தொற்று அன்று என்பதைக் குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவ்வாண்டு இறுதிக்குள்ளாகவே கூறிவிட்டனர். வளைகுடாவின் மீனை உண்டதனால் நேர்ந்த உலோக நஞ்சு இது என்பது அவர்கள் முடிவு. 1957இல் சுகாதார நிலையத் தலைவர் வளைகுடா மீனைப் பூனைகளுக்கு ஊட்டிப் பார்த்தார். அவற்றுக்கும் அதே நோய் கண்டது. மீன்பிடிப்பைத் தடை செய்யலாமா என்று மாவட்ட நிர்வாகம் மத்திய அமைச்சகத்தைக் கேட்டது. வளைகுடாவின் மீன்கள் யாவுமே நச்சடைந்தவை என்பதற்குத் தெளிவான சான்று இல்லையாதலால் இயலாது என்று விடை வந்தது. யாவும் நச்சடையும் வரை காத்திருக்க வேண்டும் போலும்!

எந்த உலோகம் என்று தேடிக் களைத்த ஆய்வாளர்கள், 1959 ஜூலை 22ஆம் நாள், அது பாதரசக் கூட்டுப்பொருள் என்று அறிவித்தனர். நிறுவனம் மறுத்தது. போர்க்காலத்தில் கடலில் கொட்டப்பட்ட வெடிமருந்தே காரணம் என்றும், அழுகிய மீனே காரணம் என்றும் மாற்று விளக்கங்கள் அடுத்தடுத்துப் புறப்பட்டன.

இதே வேளையில் ஆலை மருத்துவமனையின் பின்புறத்தில் ஹோசோகாவா தாமாகவே ஒரு சோதனையை நடத்திக்கொண்டிருந்தார். வளைகுடா மீனை ஊட்டுவதில் ஒரு குறை உண்டு: நஞ்சு எங்கிருந்து வந்தது என்பதை மீன் சொல்லாது. ஆகவே ஆலையின் அசெட்டால்டிஹைடு பிரிவிலிருந்து நேரே எடுத்த கழிவுநீரைப் பூனையின் உணவில் கலந்து ஊட்டினார். அப்பூனைக்கு எண் 400. ஜூலையில் தொடங்கிய சோதனை. அக்டோபர் தொடக்கத்தில் அப்பூனை நடுங்கிற்று, எச்சில் ஒழுகிற்று, வலிப்புக் கண்டு சுவரில் மோதிற்று. அதன் உடலுறுப்புகள் கியூஷூ பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப்பட்டன. மூன்றாண்டாக ஊர் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு விடை அப்பூனையின் உடலில் இருந்தது.

ஹோசோகாவா தம் முடிவை ஆலையின் தொழில்நுட்பப் பிரிவினருக்கு அறிவித்தார். அவர்கள் சொன்ன மறுமொழி, இனி அச்சோதனையைச் செய்யலாகாது என்பதே. கழிவுநீர் மாதிரி எடுப்பதும் தடுக்கப்பட்டது. ஒரு பூனையைக்கொண்டு முடிவு கட்டலாகாது என்ற வாதத்தில் அறிவியல் முறைப்படி சிறிது நியாயம் உண்டு. இரண்டாவது பூனைக்கு இடங்கொடாதவர்களே அந்த வாதத்தைச் சொன்னார்கள் என்பதையும் சேர்த்துக் காண வேண்டும்.

மருத்துவர் வாய் திறக்கவில்லை.

அடுத்த மூன்று மாதங்களில் நிகழ்ந்தவற்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வலையில் விழுந்த மீனை வாங்குவார் இன்றி வாடிய மீனவர்கள் நவம்பர் 2ஆம் நாள் இரண்டாயிரம் அளவில் திரண்டு ஆலைக்குள் புகுந்தனர், மேசை நாற்காலிகள் உடைந்தன, பலர் காயமுற்றனர். ஐந்து நாட்கள் கழித்து, நவம்பர் 7ஆம் நாள், மற்றொரு கூட்டம் மாவட்ட ஆளுநரைக் காணச் சென்றது. நகரத் தந்தை, நகர மன்றத் தலைவர், வணிகர் சங்கம், ஆலைத் தொழிற்சங்கம் உள்ளிட்ட 28 அமைப்புகளின் பிரதிநிதிகள். அவர்கள் வேண்டியது யாது? கழிவுநீரை நிறுத்தச் சொல்லாதீர்கள் என்பதே. கழிவுநீர் நின்றால் ஆலை நிற்கும். நகர வரி வருவாயில் பாதி அளவு ஆலையால் வருவது. ஐம்பதினாயிரம் மக்களின் வாழ்வு அழியும் என்று எடுத்துரைத்தனர். அவர்களுள் தீயவர் எவரும் இருந்ததாக நான் எண்ணவில்லை. ஊர் நலனைப் பேசுவதாகவே அவர்கள் உளமார நம்பியிருப்பார்கள். ஆனால் அந்த ஐம்பதினாயிரத்தில், படுக்கையில் கிடந்து வலிப்பில் துடித்த நோயாளிகளும் அடக்கமா என்று எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

இங்கேதான், தொடக்கத்தில் சொன்னபடி, நம் இளைஞர்களின் கேள்விக்கு விடை கூற வேண்டும்.

நான் பிறந்தது பாலாற்றங்கரையில். எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அடுப்பெரிந்தது தோல் ஷாப்பு கூலியால். என் தந்தையார் சுண்ணாம்புக் குழியில் நின்று உழைத்தவர். அவருடைய கால் நகங்கள் முழுமையாக இருந்து நான் பார்த்ததில்லை. அக்கூலியில்தான் நான் பி.ஏ. படித்தேன், பி.எட். படித்தேன். 1990களின் தொடக்கத்தில் எங்கள் தெருக் கிணற்று நீர் நிறம் மாறி உப்புக் கரித்தது. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய எங்கள் தெரு இளைஞன் ஒருவன் அந்நீரைப் புட்டியில் அடைத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுவோடு சென்றான். அன்றிரவே கோயில் திடலில் பெரியவர்கள் கூடினார்கள். முதலாளி ஒருவரும் அங்கே இல்லை. வந்திருந்தவர் அனைவரும் நம்மவரே. என் தந்தையார்தான் முதலில் பேசினார்: “கிணறு கெட்டா லாரித் தண்ணி வரும். ஷாப்பு மூடினா சோறு எங்கேருந்துடா வரும்?” அந்த இளைஞன் அவருக்கு விடை சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தான். அத்திடலில் பட்டம் பெற்றவன் நான் ஒருவனே. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சில மாதங்களில் அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான்.

பின்பு 1996 ஆகஸ்டு 28இல் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் தொடுத்த வழக்கில் தீர்ப்பளித்தது. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற நெறியை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்திய தீர்ப்பு அது. வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்குப்படி ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் தோல் தொழிலால் கெட்டிருந்தது என்று அதில் குறிக்கப்பட்டது. அந்த எண்ணைச் செய்தித்தாளில் கண்ட அன்று எனக்கு அந்தப் புட்டி நினைவுக்கு வந்தது. என் தந்தையாரின் கேள்வி மடமையானதன்று. அதற்கு இன்றுவரை எவரும் முழு விடை கூறவில்லை. ஆனால் அவரையும் அந்த இளைஞனையும் எதிரெதிரே நிறுத்தி வைத்தவர்கள் அந்தத் திடலில் இல்லை என்பதை நான் அப்போது எண்ணிப் பார்க்கவில்லை.

மினமாட்டாவுக்குத் திரும்புவோம். 1959 டிசம்பரில் ஆலை ஒரு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எந்திரத்தைப் பேரோசையுடன் திறந்தது. திறப்பு விழாவில் நிறுவனத் தலைவர் சுத்தமான நீர் என்று ஒரு குவளை எடுத்துப் பருகிக் காட்டினார். கரைந்த பாதரச நஞ்சை நீக்குவதற்கு அவ்வெந்திரம் வடிவமைக்கப்படவே இல்லை என்பது பின்னர் வெளிப்பட்டது. மக்களோ சிக்கல் தீர்ந்தது என்று எண்ணினர்.

நோயாளிக் குடும்பங்கள் ஆளுக்கு முப்பது இலட்சம் யென் கேட்டு ஆலை வாயிலில் ஒரு மாதமளவும் குளிரில் அமர்ந்திருந்தன. டிசம்பர் 30ஆம் நாள், ஆண்டு முடிவுச் செலவுக்குக் கையில் காசில்லாத நிலையில், ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. அதன் பெயர் ‘அனுதாபப் பணம்’. ‘இழப்பீடு’ என்ற சொல் கவனமாகத் தவிர்க்கப்பட்டது. இறந்தவர்க்கு மூன்று இலட்சம் யென்; உயிரோடிருக்கும் பெரியவர்க்கு ஆண்டுக்கு ஓர் இலட்சம்; குழந்தைக்கு முப்பதாயிரம். அதன் ஐந்தாம் விதி யாதெனில், பிற்காலத்தில் ஆலைக் கழிவே காரணம் என்று மெய்ப்பிக்கப்பட்டாலும் மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை என்பதாகும். நானூறாம் எண் பூனை மாண்டு மூன்று மாதம்கூட ஆகவில்லை. அவ்விதியை எழுதியவர் தரப்பில் உண்மை அறிந்தோர் இருந்தனர். கையெழுத்திட்டவர் தரப்பில் ஒருவரும் அறியார்.

ஹோசோகாவா அந்த அக்டோபரில் பேசியிருந்தால் அந்த ஐந்தாம் விதி எழுதப்பட்டிராது என்பது என் கருத்து. அவரைப் புகழ்ந்து எழுதியவர்கள் இந்த இடத்தை விரைந்து கடந்துவிடுகின்றனர். அவர் பக்கத்திலும் சொல்ல உண்டு. அவர் நிறுவனத்தின் ஊழியர். உள்ளே இருந்தால் சோதனையைத் தொடரலாம் என்ற நம்பிக்கையும் அவருக்கு இருந்தது. 1960இல் மன்றாடி மீண்டும் அனுமதி பெற்றார், மீண்டும் பூனைகளுக்கு நோய் கண்டது. 1962இல் ஓய்வு பெற்று எஹிமேயிலுள்ள தம் சொந்த ஊருக்குத் திரும்பினார். ஆலையின் கழிவு தொடர்ந்து ஓடிக்கொண்டே இருந்தது. அந்த 1962இல்தான், மீனைச் சிறிதும் உண்ணாமலே நோயோடு பிறந்த குழந்தைகள் தாயின் கருவிலேயே நஞ்சடைந்தவர்கள் என்பது ஒப்புக்கொள்ளப்பட்டது. முதற்கண் ஏற்கப்பட்டவர் 16 பேர்.

கதை இங்கே நாம் விரும்பும் நேர்கோட்டில் செல்லவில்லை. மௌனம் ஆலையாரிடமும் நகரத்தாரிடமும் மட்டும் இருக்கவில்லை, குப்பங்களிலும் இருந்தது. எங்கள் ஊரில் நோயாளி இருக்கிறான் என்று தெரிந்தால் எங்கள் மீனை எவன் வாங்குவான் என்று மீனவர் சங்கத்தாரே தம் மக்களின் நோயை மறைக்கச் சொன்ன இடங்கள் உண்டு. கை நடுங்குவதைச் சட்டைப் பைக்குள் மறைத்தவர்களும், மகளின் திருமணம் தடைப்படும் என்று மருத்துவரிடம் செல்லாதவர்களும் இருந்தனர். துன்புற்றவனே துன்பத்தை மறைக்க வேண்டிய நிலை. ஏழைக்கு உண்மையும் விலை கொடுத்து வாங்க வேண்டிய பொருளாகிவிடுகிறது.

திருப்பம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1962இல் ஊதிய முறை பற்றி ஆலையில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் ஒன்று தோன்றி, தொழிலாளர் பிளவுண்டனர். முதற் சங்கத்தைவிட்டு நீங்காதவர்கள் பலவகையாலும் ஒடுக்கப்பட்டனர். நோயாளிகள் முன்பு நின்ற இடத்தில் தாங்கள் நிற்பதை அவர்கள் உணர்ந்திருக்க வேண்டும். 1968 ஆகஸ்டு 30ஆம் நாள் அம்முதற் சங்கம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. இந்நோய்க்காக இதுவரை ஒன்றும் செய்யாதிருந்தது மனிதர் என்ற முறையிலும் தொழிலாளர் என்ற முறையிலும் தங்களுக்கு வெட்கம் என்று அதில் அறிவித்தனர். ‘வெட்கப் பிரகடனம்’ என்றே அது வரலாற்றில் பெயர் பெற்றது. 1959இல் கழிவுநீரை நிறுத்தாதீர் என்று மனுக் கொடுத்தவர்களோடு சென்ற அதே தொழிற்சங்கம்! தொழிற்சங்கங்களின் தீர்மானங்களை நிறையப் படித்திருக்கிறேன்; பிறரைக் கண்டிக்காமல் தன்னையே கண்டித்துக்கொண்ட தீர்மானம் எனக்குத் தெரிந்து இது ஒன்றே. அவர்களுள் சிலர் பின்னர் நீதிமன்றத்தில் நோயாளிகளுக்காகச் சாட்சியும் சொன்னார்கள்.

அவ்வாண்டு மே மாதத்தில் ஆலை அசெட்டால்டிஹைடு உற்பத்தியை நிறுத்தியிருந்தது. அம்முறை பழையதாகி இலாபம் குறைந்ததே அதற்குக் காரணம். நிறுத்திய பிறகு, செப்டம்பர் 26இல், நோய்க்கு அவ்வாலையே காரணம் என்று அரசு அறிவித்தது. இடையில் 1965இல் நீகாட்டா மாவட்டத்தில் மற்றொரு நிறுவனத்தின் கழிவால் இதே நோய் இரண்டாம் முறை வெடித்தது. முதல் உண்மை மூடி வைக்கப்படாதிருந்தால் இரண்டாவது ஊர் தப்பியிருக்கும்.

1969 ஜூனில் 29 குடும்பங்கள் வழக்குத் தொடுத்தன. நிறுவனத்துக்கு உண்மை எப்போது தெரியும் என்பதே வழக்கின் உயிர்நாடி. அதனை அறிந்தவர் எஹிமேயில் இருந்தார். ஊயி ஜுன் என்னும் இளம் பொறியியல் அறிஞர் முன்பே அவரைத் தேடிச் சென்று பூனைச் சோதனையின் உண்மையைக் கேட்டறிந்திருந்தார். இப்போது ஹோசோகாவா நுரையீரல் புற்றுநோயால் டோக்கியோ மருத்துவமனையில் படுத்திருந்தார். 1970 ஜூலை 4ஆம் நாள் நீதிமன்றம் அவர் படுக்கையருகே வந்தது. நானூறாம் எண் பூனைபற்றியும், அதனை நிறுவனத்தாருக்குத் தாம் அறிவித்ததுபற்றியும், சோதனை தடுக்கப்பட்டதுபற்றியும் அவர் சாட்சியம் சொன்னார். பதினோராண்டுக் காலம் அடக்கி வைத்த சொற்கள். அவ்வாண்டு அக்டோபர் 13ஆம் நாள் அவர் காலமானார்.

1973 மார்ச் 20ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அனுதாபப் பண ஒப்பந்தம் பொது ஒழுங்குக்கு மாறானது, செல்லாது என்று நீதிமன்றம் கூறிற்று. ஆளொன்றுக்கு 160 முதல் 180 இலட்சம் யென் வரை இழப்பீடு விதித்தது. அதன்பின் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்லுகிறேன். குமமோட்டோ, ககோஷிமா மாவட்டங்களில் மட்டும் நோயாளிகள் என்று அரசு ஏற்றுக்கொண்டவர் 2,200க்கு மேற்பட்டோர். ஏற்கப்படாதவர் அதனினும் பன்மடங்கு. வளைகுடாவின் நச்சுச் சேற்றை வாரி, 58 ஹெக்டேர் கடலைத் தூர்க்கும் பணி 1990 வரை நடந்தது. அத்தனைக்குப் பின்னும் ஆலை மூடவில்லை. வேறு பெயரில் இன்றும் அங்கே இயங்குகிறது. ஆலை அழிந்தால் ஊர் அழியும் என்ற 28 அமைப்புகளின் அச்சம் மெய்யாகவில்லை. 2013இல் பாதரசத்தைக் கட்டுப்படுத்த உலக நாடுகள் செய்துகொண்ட உடன்படிக்கைக்கு அவ்வூரின் பெயரே சூட்டப்பட்டது. 2018இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

நோயாளிகளிடம் நகரத்தின் சார்பில் மன்னிப்புக் கேட்ட முதல் நகரத் தந்தை யோஷீ மசாசூமி. அது நிகழ்ந்தது 1994 மே 1இல், நினைவு நாள் கூட்டத்தில். நோய் அறிவிக்கப்பட்டு 38 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவிழ்ந்து போன படகுகளை மீண்டும் ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டுதல் என்னும் பொருள்படும் மீனவர் சொல் ஒன்றை எடுத்து, ஊராரும் நோயாளிகளும் மீண்டும் இணைவதற்கு அவர் பெயராக வைத்தார்.

ஒவ்வோராண்டும் மே 1ஆம் நாள் அங்கே நினைவுக் கூட்டம் நடைபெறுகிறது. சுற்றுச்சூழல் அமைச்சர் வந்து, பாதிக்கப்பட்டோர் சங்கங்களைச் சந்திப்பது வழக்கம். 2024ஆம் ஆண்டுச் சந்திப்பில் ஒவ்வொரு சங்கத்துக்கும் மூன்று நிமிடம் ஒதுக்கப்பட்டது. நோயோடு வாழ்ந்து மறைந்த தம் மனைவியைப்பற்றி முதியவர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். மூன்று நிமிடம் கடந்தது. அமைச்சக அதிகாரிகள் ஒலிவாங்கியை நிறுத்திவிட்டனர். ஒரு வாரத்துக்குப் பின், மே 8ஆம் நாள், அமைச்சர் மீண்டும் மினமாட்டாவுக்கு வந்து அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டார்.